கழுவும் தட்டும் கிரேக்கப் புத்தகமும்
ஓபர்லின் கல்லூரி மாணவர் வாழ்க்கை, 1833 முதல் 1861 வரை



இன்றைய பேச்சை ஒரு சமையலறையிலிருந்து தொடங்குவோம். ஆண்டு 1843. அமெரிக்காவில் ஒஹாயோ என்னும் மாநிலம். அங்கே ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் 25 வயதுப் பெண் ஒருத்தி சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கொண்டிருக்கிறாள். கைகள் வெந்நீரில் இருக்கின்றன. கண்களோ எதிரே நிறுத்தி வைத்திருக்கும் புத்தகத்தில் இருக்கின்றன. அது கிரேக்க மொழி இலக்கணம். தட்டைத் துடைத்து அடுக்கிக் கொண்டே அவள் வினைச்சொற்களை மனப்பாடம் செய்கிறாள். அந்த வேலைக்கு அவளுக்குக் கிடைத்த கூலி மணிக்கு 3 சென்ட்.

அவள் பெயர் லூசி ஸ்டோன். கல்லூரியின் பெயர் ஓபர்லின். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடிமை முறையை முன்னிட்டு மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டது. அதற்கு முந்திய ஏறக்குறைய 28 ஆண்டுகளில் இந்தக் கல்லூரியில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், எப்படி உழைத்தார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறோம். அமெரிக்கக் கல்லூரி என்றவுடனே பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கூடம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே வந்தவர்களில் பலர் கையில் காசில்லாமல் வந்தவர்கள்.

ஒஹாயோ மாநிலத்தின் வடபகுதியில், கிளீவ்லாந்து நகரிலிருந்து சுமார் 35 மைல் தள்ளி, அக்காலத்தில் அடர்ந்த காடு இருந்தது. களிமண் பூமி. மழை பெய்தால் வண்டிச் சக்கரம் புதைந்து நின்றுவிடும். அந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஜான் ஷிப்பர்டு என்ற கிறிஸ்தவப் போதகரும் அவருடைய நண்பர் பைலோ ஸ்டுவர்ட்டும் ஆவர். ஐரோப்பாவில் அல்சாஸ் பகுதியின் ஏழை மலைக்கிராமங்களில் பள்ளிகளும் பாதைகளும் அமைத்துப் பாடுபட்ட ஓபர்லின் என்னும் பாதிரியாரின் பெயரைத் தங்கள் ஊருக்கும் கல்லூரிக்கும் சூட்டினார்கள். 1833 டிசம்பர் 3ஆம் நாள் வகுப்புகள் தொடங்கின. முதலில் சேர்ந்தவர்கள் 44 பேர். அவர்களில் ஆண்கள் 29, பெண்கள் 15. ஆம், முதல் நாளிலிருந்தே பெண்களும் இருந்தார்கள். தங்கும் அறை, வகுப்பறை, சாப்பாட்டுக் கூடம், வழிபாட்டுக் கூடம் எல்லாமே ஒரே மரக் கட்டடத்துக்குள் அடங்கின.

"கல்வியும் உழைப்பும்" என்பது அக்கல்லூரியின் குறிக்கோள் மொழி. இது சுவரில் எழுதி மாட்டுவதற்கான வாசகமாக மட்டும் இருக்கவில்லை. மாணவன் ஒவ்வொருவனும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கைவேலை செய்ய வேண்டும் என்பது தொடக்கத்தில் போட்ட திட்டம். காடு வெட்டுவது, மரக்கட்டைகளைப் பிளப்பது, வேர்க்கட்டைகளைப் பிடுங்குவது, உழுவது, கட்டட வேலை செய்வது ஆகியவை ஆண்களுக்கு. சமைப்பது, துவைப்பது, தைப்பது, விடுதியைப் பெருக்கி மெழுகுவது பெண்களுக்கு. மணிக்கு இத்தனை சென்ட் என்று கணக்கு எழுதப்படும். அந்தக் கூலி சாப்பாட்டுச் செலவில் கழிக்கப்படும். உழைப்பு உடம்புக்கு நல்லது, கர்வத்தைக் குறைக்கும், ஏழைப் பிள்ளைக்கும் கல்லூரிக் கதவைத் திறந்துவிடும் என்று நிறுவனர்கள் நம்பினார்கள்.

இந்தத் திட்டம் முழு வெற்றி பெற்றது என்று சொன்னால் அது பொய். காலையில் இலத்தீன் படித்துவிட்டு மாலையில் கோடரி பிடிக்கும் பையனுக்கு மரம் வெட்டுவதில் தேர்ச்சி எங்கிருந்து வரும்? அவன் விளைவித்த விளைச்சல் அவனுக்குக் கொடுத்த கூலிக்கு ஈடாகவில்லை. கல்லூரிப் பண்ணை நட்டத்தில் ஓடியது. காலம் செல்லச் செல்ல நான்கு மணி நேரக் கட்டாயம் தளர்ந்தது. ஆனாலும் வேலை செய்து படிப்பவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் அங்கே வேரூன்றவே இல்லை. எல்லாருடைய கையிலும் காப்பு இருந்தது. யார் யாரை ஏளனம் செய்வது?

சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னால் நம் நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் காட்டில் குடியேறியவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். எளிமையாக வாழ்வோம், புகையிலையைத் தொட மாட்டோம், மதுவை மட்டுமன்றி முடிந்தவரை தேயிலையையும் காப்பியையும்கூட விட்டுவிடுவோம் என்பது அதில் ஒரு பகுதி. விடியற்காலையில் ஒரு மங்கு தேத்தண்ணீர் இல்லாமல் பெரட்டுக்குப் போயிருப்பார்களா நம் பெரியவர்கள்? அதோடும் நிற்கவில்லை. சில்வெஸ்டர் கிரஹாம் என்ற உணவுச் சீர்திருத்தக்காரர் ஒருவர் அப்போது நாடெங்கும் பேசி வந்தார். அவருடைய போதனையைப் பின்பற்றிக் கல்லூரி விடுதியில் இறைச்சி நின்றது, மசாலையும் மிளகும் மேசையிலிருந்து போயின. தவிடு நீக்காத கோதுமை ரொட்டியும் தண்ணீரும் காய்கறியும் வந்தன. நான்கு மணி நேரம் மரம் வெட்டிய பையன்களுக்கு அது போதுமா? முணுமுணுப்பு எழுந்தது. 1841இல் ஊரார் கூட்டம் போட்டு, இந்த உணவு மனித உடம்புக்குப் போதாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அத்துடன் அந்தச் சோதனை முடிந்தது. நல்ல நோக்கத்தோடு வருகிறவர்களும் பிள்ளைகளின் வயிற்றை மறந்துவிடுவது உண்டு.

மணியடித்தால் எழுந்திருக்க வேண்டும். விடிந்ததும் வழிபாடு, பிறகு வகுப்பு, வேலை, மறுபடியும் படிப்பு. சீட்டாட்டம் இல்லை, நடனம் இல்லை, நாடகம் இல்லை. கதைப் புத்தகம் படிப்பதைக்கூட ஆசிரியர்கள் விரும்பவில்லை. அப்படியானால் இளைஞர்கள் பொழுதை எப்படிப் போக்கினார்கள்? பாடினார்கள். கல்லூரிப் பாடகர் குழு பெரிதாக வளர்ந்தது. அதைவிட முக்கியமாக, பேசினார்கள். ஆண்களுக்கென்று இலக்கிய மன்றங்கள் எழுந்தன. பெண்கள் 1835இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக் கொண்டார்கள். வாரந்தோறும் கட்டுரை வாசிப்பார்கள், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள்.

இன்னொரு பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் படித்தபோது மிகவும் விரும்பினோம். ஓபர்லினில் நீண்ட விடுமுறை கோடையில் வரவில்லை, குளிர்காலத்தில் வந்தது. காரணம் என்னவென்றால், கிராமப் பள்ளிகள் குளிர்காலத்தில்தான் நடக்கும். வயல் வேலை ஓய்ந்த பிறகே குடியானவர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். எனவே கல்லூரி மாணவர்கள் பனியில் நடந்து ஊர் ஊராகப் போய் அந்தப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை பார்த்தார்கள். கிடைத்த சம்பளத்தைக் கொண்டு வந்து அடுத்த பருவத்துப் படிப்பை முடித்தார்கள். ஆசிரியரும் அவரே, மாணவரும் அவரே. ஓபர்லினுக்கும் ஊருக்கு வெளியே போய்க் கற்பிப்பதற்கும் உள்ள தொடர்பு நெடுங்காலம் நீடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கல்லூரிப் பட்டதாரிகள் சிலர் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்திருக்கிறார்கள்.

இனி, கல்லூரியைப் புகழுக்கும் பழிக்கும் ஆளாக்கிய செய்திக்கு வருவோம்.

ஒஹாயோ மாநிலத்தில் அடிமை முறை இல்லை. ஆனால் அதன் தென் எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டினால் கெண்டக்கி. அங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினார்கள். அந்த ஆற்றங்கரையில் சின்சினாட்டி நகரில் லேன் என்னும் சமயக் கல்லூரி ஒன்று இருந்தது. 1834 பிப்ரவரியில் அங்கிருந்த மாணவர்கள் அடிமை முறை நியாயமா என்று 18 நாட்கள் இரவில் கூடி விவாதித்தார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிராட்லி. ஆப்பிரிக்காவில் சிறு குழந்தையாக இருந்தபோது பிடித்துக் கொண்டுவரப்பட்டவர். பகல் முழுதும் எசமானுக்கு உழைத்தார். இரவில் மூன்று நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கி, எழுந்து, சோளத்தோகையைப் பின்னிக் குதிரைகளுக்குக் கழுத்துப் பட்டை செய்து விற்றார். இப்படிப் பல ஆண்டுகள் காசு சேர்த்துச் சுமார் 700 டாலர் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர் அவர். அடிமைகளை விடுவித்தால் அவர்களால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று சொன்னவர்களுக்கு எதிரே அவரே பதிலாக நின்றார்.

லேன் கல்லூரியின் நிர்வாகிகள் அஞ்சினார்கள். இனி இந்த விஷயத்தைப் பேசக்கூடாது என்று தடை போட்டார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரியை விட்டே வெளியேறினார்கள். அந்தச் சமயத்தில் ஓபர்லினோ பணமில்லாமல் திணறிக் கொண்டிருந்தது. ஷிப்பர்டு அம்மாணவர்களைச் சந்தித்து எங்களிடம் வாருங்கள் என்றார். அவர்களும் அவர்களுக்குத் துணை நின்ற நியூயார்க் வணிகர்களான தப்பான் சகோதரர்களும் நிபந்தனை வைத்தார்கள். பேச்சுரிமை வேண்டும், நிறம் பார்க்காமல் மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

ஓபர்லின் மாணவர்கள் உடனே கைகளை விரித்து வரவேற்றிருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் வரலாமா என்று அவர்களிடையே கருத்துக் கேட்டபோது, வரட்டும் என்றவர்கள் 26 பேர், வேண்டாம் என்றவர்கள் 32 பேர். சிலர் இப்படி நடந்தால் வீட்டுக்குப் போய்விடுவோம் என்றும் சொன்னார்கள். அறங்காவலர்களும் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1835 பிப்ரவரியில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றபோது, தலைமை வகித்த ஜான் கீப் தம் ஒரு வாக்கைச் சேர்த்து வாசலைத் திறந்துவிட்டார். ஒரே ஒரு வாக்கு.

லேனிலிருந்து வந்த மாணவர்களுக்குத் தங்க இடமில்லை. அவசர அவசரமாகப் பட்டை உரிக்காத பலகைகளை அடித்து நீளமாக ஒரு கொட்டகை எழுப்பினார்கள். வரிசையாகச் சிறு சிறு அறைகள். தோட்டத்து லயத்தைப் பார்த்தவர்களுக்கு அதை வருணிக்க வேண்டியதில்லை. விவாதத்துக்காகப் பெரிய நகரத்துக் கல்லூரியை உதறிவிட்டு வந்தவர்கள் அந்தக் கொட்டகையில் குளிரில் நடுங்கிக்கொண்டு படித்தார்கள்.

கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கல்லூரியை நிரப்பிவிடுவார்கள் என்று அஞ்சியவர்களின் அச்சம் வீணானது. போருக்கு முந்திய காலத்தில் மொத்த மாணவர்களில் அவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவே இருந்தார்கள். ஆனால் அந்த ஐந்து பேர் ஒரே வகுப்பில், ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 1844இல் ஜார்ஜ் வாஷன் என்பவர் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1849இல் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார்.

பெண்கள் விஷயத்தில் ஓபர்லின் ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடிக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 1837இல் நான்கு பெண்கள் ஆண்களுக்குரிய முழுப் பட்டப் படிப்பில் சேர்ந்தார்கள். 1841இல் அவர்களில் மூவர் பட்டம் பெற்றார்கள். அதுவரை அமெரிக்காவில் ஆண்களோடு சமமாகப் படித்து அத்தகைய பட்டத்தைப் பெற்ற பெண்கள் இல்லை. பெரிய சாதனைதான். ஆனால் அதே கல்லூரியில் ஆண் மாணவர்களின் துணிகளைத் துவைத்தவர்களும் கிழிசலைத் தைத்தவர்களும் அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறியவர்களும் பெண் மாணவிகளே. பேச்சுப் பயிற்சி வகுப்பில் பெண்கள் உட்காரலாம், கேட்கலாம். எழுந்து பேசக்கூடாது. கலப்புச் சபையில் பெண் பேசுவது அடக்கத்துக்கு இழுக்கு என்று கருதினார்கள்.

இப்போது நம் லூசி ஸ்டோனிடம் திரும்புவோம். அவள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குடியானவர் வீட்டுப் பெண். அண்ணன்மார் கல்லூரிக்குப் போகப் பணம் கொடுத்த தகப்பனார், மகள் கேட்டபோது இவளுக்குப் பைத்தியமா என்றார். பதினாறாவது வயதில் அவள் பள்ளி ஆசிரியை ஆனாள். முதல் சம்பளம் வாரத்துக்கு ஒரு டாலர். ஒரு குளிர்காலத்தில் அண்ணனுக்குப் பதிலாக அவருடைய பள்ளியை நடத்தினாள். அதே பிள்ளைகள், அதே பாடம், ஆனால் அண்ணனுக்குக் கொடுத்த சம்பளத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. இது பெண்ணுக்குரிய சம்பளம் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரிக்குப் போதுமான காசு சேர்க்க அவளுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஓபர்லினுக்கு வரும் வழியில் ஏரியைக் கடக்கும் கப்பலில் படுக்கையறைக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், மேல்தளத்தில் சரக்கு மூட்டைகளின் மேலேயே படுத்துத் தூங்கினாள்.

கல்லூரியில் அவள் ஓயவே இல்லை. காலையில் ஆயத்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். விடுதியில் வீட்டு வேலை செய்தாள். ஓபர்லினில் குடியேறிய, முன்னாள் அடிமைகளான பெரியவர்களுக்கென்று நடந்த பள்ளியிலும் கற்பித்தாள். ஒரு பெண் நமக்குப் பாடம் சொல்வதா என்று முதலில் அந்த ஆண்கள் முகம் சுளித்தார்கள். சில நாட்களில் அது மாறியது. ஒருமுறை பெண்கள் விடுதியில் தீப்பிடித்தபோது, ஆசிரியையின் பெட்டியைக் காப்பாற்ற அவர்கள் ஓடோடி வந்தார்கள் என்று அவளுடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது.

ஆயத்த வகுப்பில் ஆண் மாணவர்கள் கற்பித்தபோது அதிகக் கூலி கொடுத்தார்கள். லூசிக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள் என்று கேட்டாள். நிர்வாகம் மறுத்தது. அவள் வேலையை விட்டு விலகினாள். மூன்று மாதம் வேறு சிறு வேலைகள் செய்து காலம் தள்ளினாள். அவளிடம் படித்த பிள்ளைகளே எங்களுக்கு அந்த ஆசிரியைதான் வேண்டும் என்று வற்புறுத்த, கடைசியில் அவள் கேட்ட கூலியையே கொடுத்தார்கள். கூலி வித்தியாசம் என்றால் என்னவென்று நம் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆண் ஆளுக்கு ஒரு சம்பளம், பெண் ஆளுக்கு ஒரு சம்பளம் என்று இருந்த காலத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அவளுக்கு நெருங்கிய தோழி ஒருத்தி வாய்த்தாள். பெயர் ஆன்டோனெட் பிரவுன். இருவருக்கும் மேடையேறிப் பேசவேண்டும் என்று ஆசை. பேராசிரியர் ஜேம்ஸ் தோம் ஒருநாள் வகுப்பில் அவர்கள் இருவரும் வாதிட அனுமதி கொடுத்துவிட்டார். விவாதம் மிக நன்றாக நடந்ததாம். செய்தி பரவியதும் பெண்கள் நலனைக் கவனித்த குழுவினர் கூடி, இனி இப்படி நடக்கவே கூடாது என்று உத்தரவிட்டார்கள். பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யாரும் வந்துவிடாதபடி காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் போய் விவாதம் நடத்தினார்கள். குளிர் வந்தபோது, லூசியிடம் படித்த கறுப்பினத்தவர் ஒருவருடைய தாயார் தம் சிறு வீட்டின் கூடத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார். ஒருவர் ஒருவராக, சந்தேகம் வராதபடி, மாலை வேளையில் அங்கே போய்ச் சேர்வார்களாம். பின்னாளில் நாடு முழுவதும் கேட்ட குரல் அந்த அம்மாவின் கூடத்தில்தான் பயிற்சி பெற்றது.

1847இல் பட்டமளிப்பு விழா வந்தது. கட்டுரை எழுத லூசியையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பெண்கள் எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் ஒருவர்தான் மேடையில் வாசிக்க வேண்டும். நானே வாசிக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றார்கள். அப்படியானால் எழுதவே மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பட்டம் மட்டும் பெற்றுக்கொண்டு வெளியேறினாள். அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர் ஊராகப் பேசினாள். 1883இல் கல்லூரி தன் பொன்விழாவைக் கொண்டாடியபோது, மேடையில் வந்து பேசுமாறு லூசி ஸ்டோன் அம்மையாரையே அழைத்தது. 36 ஆண்டுகள் கழித்து அவர் அந்த மேடையில் நின்றார். ஆன்டோனெட் 1853இல் முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்டுச் சபைப் போதகர் ஆனார். இன்னொரு செய்தி: தோழியர் இருவரும் பிளாக்வெல் குடும்பத்துச் சகோதரர் இருவரை மணந்து ஓரகத்திகளும் ஆனார்கள்.

1850ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசு தப்பியோடிய அடிமைகள் பற்றிக் கடுமையான சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. தப்பி வந்தவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பிடித்து எசமானிடம் ஒப்படைக்க வேண்டும். தடுத்தால் சிறையும் அபராதமும். ஓபர்லினோ தப்பி வருபவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து, கனடாவுக்கு அனுப்பிவைக்கும் ஊராக இருந்தது. வகுப்பறையில் விவாதம் செய்தவர்களுக்கு வாசலிலேயே சோதனை காத்திருந்தது.

1858 செப்டம்பர் 13. கெண்டக்கியிலிருந்து தப்பி வந்து ஓபர்லினில் இருந்த ஜான் பிரைஸ் என்ற இளைஞரை, உருளைக்கிழங்கு தோண்ட வேலை இருக்கிறது, வா என்று சொல்லி ஒரு சிறுவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போனான். வழியில் காத்திருந்தவர்கள் பிரைஸைப் பிடித்துத் தங்கள் வண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த கைக்கூலி 20 டாலர். வண்டி ஒன்பது மைல் தூரத்திலுள்ள வெலிங்டன் இரயில் நிலையத்தை நோக்கி விரைந்தது. எதிரே நடந்து வந்த மாணவர் ஆன்செல் லைமனைக் கண்டதும் பிரைஸ் உதவி கேட்டுக் கத்தினார். லைமன் ஊருக்குள் ஓடி வந்து செய்தியைச் சொன்னார்.

சற்று நேரத்தில் ஓபர்லின் தெருக்கள் காலியாகிவிட்டன. மாணவர்கள், கடைக்காரர்கள், தச்சர்கள், வெள்ளையர், கறுப்பர் என்று குதிரையிலும் வண்டியிலும் நடந்தும் வெலிங்டனுக்குப் போனார்கள். பிரைஸை ஒரு தங்கும் விடுதியின் மேல்மாடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கானோர் கூடிவிட்டனர். மணிக்கணக்காகப் பேச்சு நடந்தது. இரயில் வரும் நேரம் நெருங்கியது. ரிச்சர்டு வின்சர், வில்லியம் லிங்கன் முதலிய மாணவர்கள் உள்ளே புகுந்து, ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் பிரைஸைக் கீழே கொண்டுவந்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அன்றிரவு முதல் சில நாட்கள் அவர் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபேர்சைல்டு வீட்டில் ஒளிந்திருந்தார். ஃபேர்சைல்டு அமைதியானவர், சட்டத்தை மீறாதவர் என்று பெயரெடுத்தவர். ஆகவே அவரை யாரும் சந்தேகிக்கவில்லை. 1834இல் மாணவனாக அங்கே வந்த அவர்தான் பின்னாளில் கல்லூரித் தலைவரானார். பிரைஸ் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்.

அரசு சும்மா விடவில்லை. 37 பேர் மீது வழக்குத் தொடுத்தது. அவர்களில் மாணவர்களும் ஒரு பேராசிரியரும் இருந்தார்கள். 1859இல் கிளீவ்லாந்து நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. புத்தகக் கடை எழுத்தர் சிமியன் புஷ்னெல்லுக்கு 60 நாள் சிறையும் 600 டாலர் அபராதமும் கிடைத்தன. ஜான் மெர்சரின் அண்ணனும் ஓபர்லின் முன்னாள் மாணவருமான சார்ல்ஸ் லாங்ஸ்டன் தீர்ப்புக்கு முன் எழுந்து, தம் நிறத்தவருக்கு இந்த நாட்டு நீதிமன்றத்தில் நியாயம் உண்டா என்று நீண்ட உரை ஆற்றினார். நீதிபதி மனமிரங்கி அவருக்கு 20 நாள் சிறையும் 100 டாலர் அபராதமும் மட்டும் விதித்தார். மற்றவர்களில் பலர் பிணையில் வர மறுத்து உள்ளேயே இருந்தார்கள். சிறையிலிருந்தபடியே பத்திரிகை அச்சிட்டார்கள். ஓபர்லினிலிருந்து ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியர் நானூறு பேர் இரயிலேறி வந்து சிறையிலிருந்தவர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒஹாயோ மாநிலம் அடிமை பிடித்தவர்கள் மீதே ஆள் கடத்தல் வழக்குப் போட்டிருந்தது. இரு தரப்பும் வழக்கைக் கைவிட, ஜூலையில் விடுதலை கிடைத்தது.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. பிரைஸை மீட்டவர்களில் ஒருவரான ஜான் கோப்லாந்து தச்சு வேலை செய்தவர், சில காலம் கல்லூரியின் ஆயத்த வகுப்பில் படித்தவர். 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியபோது அவரோடு சென்றார், பிடிபட்டார். அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். வயது 25. பெற்றோர் கேட்டும் உடலைக்கூடக் கொடுக்கவில்லை. பேராசிரியர் ஜேம்ஸ் மன்றோ நேரிலே போய் வெறுங்கையோடு திரும்பினார்.

1861 ஏப்ரலில் போர் மூண்டது. ஓபர்லின் மாணவர்கள் பெயர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். நூறு பேரளவில் சேர்ந்து ஒஹாயோ ஏழாவது படையில் ஒரு பிரிவானார்கள். இலத்தீன் கற்பித்த இளம் ஆசிரியர் கைல்ஸ் ஷர்ட்லெஃப் அவர்களுக்குத் தலைவர். ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த கறுப்பின நண்பர்களை மட்டும் படை ஏற்கவில்லை. அவர்கள் இரயில் நிலையத்தில் நின்று வழியனுப்பினார்கள். கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க 1863இல்தான் ஒஹாயோ முன்வந்தது. அப்போது ஆள் திரட்டியவர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன். அந்தப் படைக்குத் தலைமை தாங்கப் போனவர், பகைவர் சிறையிலிருந்து மீண்டு வந்திருந்த அதே ஷர்ட்லெஃப்.

ஆண்கள் போர்க்களத்தில் இருந்த 1862ஆம் ஆண்டில் ஓபர்லினில் ஒரு பட்டமளிப்பு விழா நடந்தது. மேரி ஜேன் பேட்டர்சன் என்ற பெண் பட்டம் பெற்றாள். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவள். அடிமைகளுக்குப் பிறந்தவள். அவள் தகப்பனார் ஓபர்லினில் கொத்தனார் வேலை செய்தவர். பெண்களுக்கென்று இருந்த சுருக்கமான படிப்பை விட்டு, இலத்தீனும் கிரேக்கமும் உயர்கணிதமும் கொண்ட படிப்பையே அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு ஆசிரியை ஆனாள். 1871இல் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனாள்.